முக்குருத்தியில் சீகை மரங்களை என்ன செய்வது: வெட்டுவதா, விடுவதா, விளிம்பைக் காப்பதா?

முக்குருத்தி தேசியப் பூங்காவின் சீகை மரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நீலகிரியில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "வெளிநாட்டு மரம், ஒன்று விடாமல் வெட்டித் தள்ளு" என்பது ஒரு கட்சி. "எந்த மரமானால் என்ன, வெட்டினால் மண் சரியும், அப்படியே விட்டுவிடு" என்பது மற்றது. நான் பல வருடம் முதல் கட்சியில் இருந்தேன். இப்போது இல்லை. இரண்டாவது கட்சிக்கும் போகவில்லை. மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன், அது நிற்கும் மண்ணையும் அதற்கடியில் உள்ள பாறையையும் பார்க்க ஆரம்பித்த பிறகு, கேள்வியே வேறு மாதிரி தெரிந்தது. மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

சீகை என்றதும் தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க் கொடியை நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்துக்கு நீலகிரியில் அதுதான் பெயர். யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்பதைப் போல. வெள்ளைக்காரர்கள் 19-ம் நூற்றாண்டில் ஊட்டியில் குடியேறியபோது விறகுக்குப் போதவில்லை என்று இரண்டையும் கொண்டுவந்தார்கள். மலையை மாற்றியது அது மட்டுமல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களிலிருந்து, தோல் பதனிடச் சீகைப் பட்டை, மரக்கூழுக்குக் கற்பூர மரம் என்று திட்டம் போட்டுப் பெரிய அளவில் நட்டதுதான் பெரிய மாற்றம். நட்ட இடமெல்லாம் "தரிசு" என்று கணக்கில் எழுதப்பட்ட புல்வெளி. 1980-களின் கடைசியில் நடுவது நின்றது. ஆனால் சீகை நிற்கவில்லை. அது விதை போட்டுத் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

பூங்காவின் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். நீலகிரி பீடபூமியின் தென்மேற்கு ஓரம். 2,629 மீட்டர் கொலாரிபெட்டாவும் 2,554 மீட்டர் முக்குருத்திச் சிகரமும் இங்கேதான். கிழக்குப் பக்கம் மெத்தென்று உருளும் புல்மேடுகள், மடிப்புகளில் சோலை எனப்படும் குட்டையான அடர்காடு. மேற்கே நாலு எட்டு வைத்தால் தரை முடிந்து, கேரளத்துப் பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே இறங்கும் பாறைச் சுவர். அந்தச் சுவரும் அதை ஒட்டிய புல்லும்தான் வரையாட்டின் வீடு. வரையாட்டுக்காகவே 1990-ல் இது தேசியப் பூங்கா ஆனது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஆடு. தமிழ்நாட்டில் 2024-ல் எடுத்த கணக்கில் 1,031 இருந்தன.

சரி, மண்ணுக்கு வருவோம்.

எமரால்டு ஊரைத் தாண்டி மேலே ஏறும் சாலையில், அகலப்படுத்தச் செங்குத்தாக வெட்டிய மேட்டு முகம் ஒன்று இருக்கிறது. மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த முகம்தான் சொல்லிக் கொடுத்தது. உச்சியில் முழங்கால் அளவுக்குக் கறுப்பு மண். கையில் எடுத்தால் எடையே இருக்காது, பஞ்சு மாதிரி. பிழிந்தால், மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தாலும் விரலிடுக்கில் ஈரம் கசியும். அதற்குக் கீழே மஞ்சளும் சிவப்புமாக ஆள் உயரத்துக்கு மேல். அதற்கும் கீழேதான் ஆச்சரியம்: பார்வைக்குப் பாறை. வரிகள் தெரியும், படிகங்களின் புள்ளிகள் தெரியும். கட்டை விரலால் அழுத்தினால் மாவாக உதிரும். பாறையின் உருவம் இருக்கிறது, உறுதி போய்விட்டது. அந்த மாவுக்குள் ஆங்காங்கே யானைத் தலை அளவில் நீலக்கறுப்புக் குண்டுகள், வெங்காயம் போல ஏடு ஏடாகத் தோல் உரிந்துகொண்டு. அவைதான் இன்னும் மக்காமல் மிஞ்சியிருக்கும் உண்மையான மலை.

அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் வைத்த பெயர். நம் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே கல்தான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில், கிட்டத்தட்ட நீரே இல்லாத சூழலில் உருவானது. வடக்கே மோயாறு, தென்கிழக்கே பவானி என்று பாறை நசுங்கி நகர்ந்த இரண்டு பெரிய மண்டலங்கள் மலையின் இரு பக்கமும் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே பிடிபட்ட பாளமாக நீலகிரி மேலே நிற்கிறது. மோயாறு இன்று அகழி போல நேராக ஓடுவதற்கும் அந்தப் பழைய முறிவுதான் காரணம்.

நீர் இல்லாத இடத்தில் பிறந்த கல்லை, வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வைத்தால் என்ன ஆகும்? கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகும். இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகும். மேலே தட்டையாக இருக்கும் இடங்களில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது வரைக்கும் போய்விடும். பீடபூமி தட்டையாக இருப்பதால் மக்கியது அடித்துக்கொண்டு போகாமல் அங்கேயே தங்குகிறது. பத்து மீட்டர், இருபது மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். ஆக, வெளியிலிருந்து பார்க்க அசையாத கருங்கல் மலை. உண்மையில் பல சரிவுகளில் கல்லின் மேல் கனத்த ஈரமாவு அப்பிய மலை. மாவும் கல்லும் சந்திக்கும் கோட்டில் தண்ணீர் தேங்கினால் மேலே இருப்பது வழுக்கும்.

அது கதை இல்லை. அவலாஞ்சி என்ற ஊர்ப்பெயரே 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய நிலச்சரிவால் வந்தது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நடந்த சரிவுகளில் 40 பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. அந்த மழையில் அப்பர் பவானி, அவலாஞ்சிப் பக்கம் புல்வெளியும் சோலையும்கூட சரிந்தன. மரம் இருந்தால் சரியாது, புல் இருந்தால் சரியாது என்று யாரும் உறுதி தர முடியாது. எந்தச் சரிவில், எவ்வளவு மாவின் மேல், எந்த நேரத்தில் கை வைக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருப்பது.

அந்தக் கறுப்பு மேல்மண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டாகும் மண்ணுக்குத்தான் பொதுவாக அந்தப் பஞ்சுத் தன்மை வரும். நீலகிரியில் எரிமலையே கிடையாது. ஆனாலும் 2,000 மீட்டருக்கு மேல் அதே குணம். மக்கிய பாறையிலிருந்து வந்த அலுமினியமும் இரும்பும் புல்வேரின் மட்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அப்படி. மண்ணியல் அறிஞர்கள் இதைத் தனியாக எடுத்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மழைக்காலத்தைக் குடித்துவிட்டு, மார்ச் வரை துளித்துளியாகக் கீழே விடும் மண் இதுதான். பவானி பிறப்பது இதிலிருந்து. பைக்காரா, குந்தா மின்நிலையங்களின் அணைகள் நிறைவதும் இதிலிருந்து.

அப்புறம் சதுப்பு. பள்ளங்களில் தேங்கும் நீரில் புல் மக்காமல் படிந்து படிந்து கறுப்புக் கரிமண்ணாகிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அப்படிப் படிந்ததின் அடிப்பகுதி 40,000 ஆண்டுக்கு மேற்பட்டது. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய விஞ்ஞானிகள் நீலகிரிக் கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து, அதில் உள்ள கனத்த கார்பனை அளந்து 1993-ல் வெளியிட்டார்கள். வெப்பநாட்டுப் புற்கள் காற்றிலிருந்து கனத்த கார்பனைக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், மரங்கள் குறைவாக எடுக்கும். எனவே எந்தக் காலத்தில் எது அதிகம் இருந்தது என்று மண்ணே சொல்லிவிடும். சொன்னது இது: சுமார் 20,000 ஆண்டுக்கு முன், உலகமே குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், இங்கே புல் ஓங்கியிருந்தது. பிறகு ஈரம் கூடியபோது மரங்கள் பெருகின. மறுபடி வறண்டபோது புல் பெருகியது. மாறி மாறி, பல்லாயிரம் ஆண்டுகளாக.

இந்த ஒரு முடிவு எனக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லித் தீராது. "புல்வெளி என்பது மனிதன் காட்டை அழித்ததால் வந்த பொட்டல், அதில் மரம் நடுவது புண்ணியம்" என்ற நினைப்பில்தான் நூறு வருடத்துக்கு மேல் இந்த மலையில் மரம் நட்டார்கள். புல் இங்கே மனிதனுக்கு முன்பே இருந்தது. திறந்த வெளியில் சோலை மரக்கன்று பிழைக்காததற்குக் காரணமும் கண்முன்னால் இருக்கிறது: டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி. பள்ளத்துச் சோலைக்குள் அதன் கடுமை எட்டாது. மேட்டில் சோலைக் கன்று கருகிவிடும். சீகை கருகாது. பல்லாயிரம் வருடம் பனி காவல் காத்த எல்லையை, பனிக்கு அஞ்சாத ஒரு மரத்தைக் கொண்டுவந்து நாம் உடைத்துவிட்டோம்.

இனி மூன்று வழிகள்.

முழுக்க வெட்டுவது

கேட்க நேர்மையாக இருக்கும் வழி. நட்டது நாம், எடுப்பதும் நாம். வரையாட்டுக்குத் திறந்த வெளி உடனே திரும்பும். கணக்குக் காட்டவும் வசதி: இத்தனை ஹெக்டேர் அகற்றினோம் என்று சொல்லலாம்.

சிக்கல் வெட்டிய மறுநாள் ஆரம்பிக்கிறது. சீகை விதைக்குக் கெட்டித் தோல். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் போய் வெயில் விழுந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் முளைக்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் நூற்றுக்கணக்கில் கன்று. வெள்ளிச் சீகை என்றால் வேரிலிருந்தும் துளிர்க்கும். எங்கள் ஊருக்கு மேலே ஒரு சரிவில் சில வருடங்களுக்கு முன் ஒப்பந்தத்தில் மொத்தமாக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். யார் எடுத்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. மூன்றாம் வருடம் அந்த இடத்துக்குள் நுழைய முடியவில்லை. பழைய தோப்பிலாவது மரங்களுக்கு நடுவே நடக்கலாம். இப்போது இடுப்பளவுக்கு வேலி மாதிரி சீகை. மரங்களை இழுத்த தடம் மழையில் ஓடையாகி, கறுப்பு மண் போய், மஞ்சள் மாவு வெளியே தெரிகிறது. அந்தக் கறுப்பு மண் இனி என் பேரன் காலத்திலும் அங்கே வராது.

இன்னொன்று பலர் கவனிக்காதது. வெட்டிய மரத்தின் வேர் உடனே செத்து மக்குவதில்லை. சில வருடம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது மக்கித் தளர்ந்து, புது வேர் இன்னும் ஊன்றாத இடைவெளி இருக்கிறதே, அதுதான் சரிவுக்கு மிக மோசமான காலம். வெட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி அடைந்த நாலாம் வருடம், ஒரு ஆகஸ்ட் இரவில் மலை இறங்கும்.

பணத்துக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவிலிருந்து அகற்றும் மரத்தைச் சுற்றுப்புற மக்களின் சொந்தத் தேவைக்குத் தரலாம், வியாபாரத்துக்கு விற்கக் கூடாது. எனவே "மரத்தை விற்ற காசிலேயே மீட்பு வேலையும் நடக்கும்" என்ற கணக்கு பூங்காவுக்கு வெளியே உள்ள காப்புக்காட்டில் ஓரளவு செல்லலாம், உள்ளே செல்லாது. அந்தச் சட்டம் நல்லது என்றே நினைக்கிறேன். வெட்டுவதில் லாபம் வந்துவிட்டால், எங்கே வெட்ட வேண்டும் என்பதை மண் முடிவு செய்யாது, லாரி போகும் வழி முடிவு செய்யும்.

கை வைக்காமல் விடுவது

இது சோம்பேறிகளின் வழி என்று நான் முன்பு நினைத்தது தவறு. கொடைக்கானல் பக்கம் பல வருடம் சோலை மரங்களை வளர்த்தவர்கள் கவனித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வயதான சீகைத் தோப்பு, சோலைக்குப் பக்கத்தில் இருந்தால், அதன் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வருகின்றன. பறவை விதை கொண்டுவருகிறது. மேலே உள்ள சீகை பனியைத் தடுக்கிறது. சீகையின் விதைக்கோ வெயில் வேண்டும், தன் நிழலிலேயே அது சரியாக முளைக்காது. சீகைக்கு ஆயுளும் அதிகமில்லை. ஒவ்வொன்றாகச் சாயும்போது கீழே காத்திருக்கும் நாவலும் மற்றவையும் மேலே வரும். நானும் போய்ப் பார்த்தேன். ஒரு பழைய தோப்பில் காலடியில் முழங்கால் உயரத்துக்குச் சோலைக் கன்றுகள். என்னை மாற்றிய இரண்டாவது காட்சி அது. அப்படிப்பட்ட தோப்பில் ரம்பத்தைக் கொண்டுபோவது, வந்துகொண்டிருக்கும் காட்டைக் கருவிலேயே கொல்வது.

ஆனால் இந்த வழி சோலையைத்தான் தரும், புல்லைத் தராது. சீகைக்குக் கீழே போன புல்வெளி, ஒருநாள் சோலையாகலாம். மறுபடி புல்வெளியாகத் திரும்பாது. பழைய தோப்புகளை விட்டுவைப்பது ஒன்று, சீகை என்ற மரத்தையே விட்டுவைப்பது வேறொன்று. தோப்பு ஓய்ந்துகொண்டிருக்கும்போதே, அதன் விளிம்பு வருடா வருடம் புல்லுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. கொடைக்கானலுக்கு மேலே புல்மேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண் தேவையே இல்லை.

தண்ணீர் கணக்கும் இதற்கு எதிராக நிற்கிறது. நீலகிரியின் க்ளென்மார்கனில் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிலையத்தினர் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள், இன்னொன்றில் ஒரு பகுதியில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதம். கோடையில் ஓடும் மெல்லிய ஓட்டமும் குறைந்தது. அது கற்பூர மரக் கணக்கு, சீகைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் புல் நின்ற இடத்தில் வேகமாக வளரும் மரக்கூட்டம் வந்தால் ஓடை எந்தப் பக்கம் போகும் என்பது தெரிகிறது. ஈரோட்டில் வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் பேச்சில் பங்கு உண்டு.

விளிம்பிலிருந்து காப்பது

மூன்றாவது வழி, பார்க்க ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். சுத்தமாக இருக்கும் புல்வெளியிலிருந்து ஆரம்பித்து, அதற்குள் வந்துவிட்ட தனி மரங்களையும் கன்றுகளையும் எடுப்பது. தோப்பின் விளிம்பை அங்கேயே நிறுத்துவது. பிறகு வருடத்துக்குக் கொஞ்சமாக அதைப் பின்னுக்குத் தள்ளுவது. தோப்பின் நடுவை இப்போதைக்குத் தொடாமல் விடுவது.

பூங்காவுக்கு வெளியே மந்து எனப்படும் ஒரு தோடர் பழங்குடிக் குடியிருப்பை ஒட்டிய புல்வெளியில் இந்த வேலைக்கு நானும் போனேன். மழை பெய்து ஓய்ந்த இரண்டாம் நாள். கணுக்கால் உயரக் கன்றென்றால் இரண்டு விரல் போதும். தண்டை அடியில் பிடித்து, இழுக்காமல், மெதுவாக மேலே தூக்க வேண்டும். நெய்யில் ஊறிய திரி போல வழுக்கிக்கொண்டு வரும். வேரில் கடுகு மாதிரி சிறு முடிச்சுகள் தொங்கும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் முடிச்சுகள் அவை. ஏழை மண்ணுக்குப் பழகிய புல்லுக்கு அந்தச் செழிப்பே பகை. முழங்கால் உயரக் கன்றுக்கு இரண்டு கையும் இடுப்பும் வேண்டும். ஆள் உயரமாகிவிட்டால் பிடுங்க முடியாது. அரிவாளும் வேண்டும், அடுத்த வருடம் துளிர் ஒடிக்கத் திரும்பி வரவும் வேண்டும். இரண்டு விரலால் முடியும் வேலை மூன்றே வருடத்தில் அரிவாள் வேலையாகிறது. பத்து வருடத்தில் ரம்ப வேலை. அன்று மாலை கை முழுக்கப் பச்சை நாற்றத்தோடு திரும்பி வரும்போது எனக்குப் புரிந்தது இதுதான்: முதலில் போக வேண்டியது சீகை அடர்ந்த இடத்துக்கு இல்லை, சீகை இன்னும் கணுக்காலைத் தாண்டாத இடத்துக்கு.

மண்ணின் பக்கம் பார்த்தாலும் இந்த வழி மிகப் பாந்தமானது. கன்றைப் பிடுங்கினால் கறுப்பு மண் கலையாது. புல்வேர் அறுபடாது. இழுப்புத் தடம் கிடையாது, லாரி கிடையாது. ஒரு சரிவில் ஒரே நேரத்தில் எல்லா வேரும் மக்கும் ஆபத்தும் இல்லை.

குறை உண்டு. மெதுவானது. இதற்கு முடிவுத் தேதி கிடையாது. விதை மண்ணில் இருக்கும்வரை வருடா வருடம் போக வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் தருபவர்களுக்கு இது பிடிக்காது. படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. புல்வெளி போன வருடம் இருந்தது போலவே இருக்கும், அதுதான் வெற்றி.

தீ வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தோடர்கள் முன்பு காய்ந்த புல்லுக்குச் சிறு தீ வைத்தது உண்மை. எருமைக்குப் புதுப்புல் வரும். ஆனால் அது சீகை வராத காலத்துப் புல்வெளி. சீகை விதையின் கெட்டித் தோலைப் பிளப்பதே சூடுதான். விதை நிறைந்த மண்ணில் தீ வைப்பது விதைப்பதற்குச் சமம். மேட்டுப்பகுதிப் புல்லில் சுத்தமான இடங்களுக்கு, தோடர்களையே உட்காரவைத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. சீகைப் பக்கத்தில் வேண்டாம்.

என் முடிவு

முக்குருத்திக்கு நான் மூன்றாவது வழியைத்தான் முதலில் வைப்பேன். ஆனால் பூங்கா முழுவதுக்கும் ஒரே உத்தரவு போட மாட்டேன். ஒவ்வொரு சரிவும் தன் பதிலைத் தானே வைத்திருக்கிறது.

மேற்குப் பாறைச் சுவரை ஒட்டிய முகடுகளில் மண் மெல்லியது. பல இடங்களில் கல்லே வெளியே நிற்கிறது. மாவு சேர அங்கே இடமில்லை. வரையாட்டுக்கு உயிரானதும் அந்த ஓரம்தான். ஆபத்து என்றால் ஓடிப் பாறையில் இறங்க, கண்ணுக்கெட்டிய தூரம் திறந்திருக்க வேண்டும். அங்கே சீகை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பெரிய மரமாக இருந்தாலும் ஒன்றொன்றாக வெட்டலாம். பணமும் ஆளும் குறைவென்றால் அவ்வளவும் அங்கே போகட்டும்.

பள்ளத்துச் சதுப்புகள் அடுத்தது. சதுப்பின் ஓரத்தில் சீகை ஏறினால் கரிமண் உலரும். உலர்ந்த கரிமண் நொறுங்கும், தீப்பிடிக்கும். 40,000 ஆண்டுக் கணக்கேடு அதோடு போகும். தோடர்கள் தங்கள் அரைவட்டக் கோயில்களின் கூரை வேயும் புல் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. நீலகிரியில் சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் புல். சதுப்பு ஓரத்துச் சீகையை வெட்டி, அங்கேயே கிடக்கவிட வேண்டும். இழுத்துக்கொண்டு வரக் கூடாது, இழுக்கும் தடமே வடிகாலாகிவிடும்.

மாவு ஆழமாக இருக்கும் செங்குத்துச் சரிவுகளில், குறிப்பாகக் கீழே சாலையோ அணையோ ஊரோ இருந்தால், பழைய தோப்பை விட்டுவைக்கத்தான் சொல்வேன். சீகை வேர் மேலாகவே படரும், பெருங்காற்றில் மரம் வேரோடு சாயும் என்பது தெரியும். அது பெரிய காவலன் இல்லை. ஆனால் மொத்தமாக எடுப்பது அதைவிட மோசம். சோலை பக்கத்தில் இருந்தால் கீழே வரும் கன்றுகளைப் பார்த்து, மேலே உள்ள சீகையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சோலை தூரத்தில் என்றால் நாற்றுப் பண்ணையிலிருந்து நட வேண்டியிருக்கும். அந்தச் சரிவுகள் புல்லாகத் திரும்பாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆனது. இன்றும் வலிக்கிறது.

முழுதாக வெட்டுவது ஒரே ஒரு வகை இடத்துக்குத்தான்: மெல்லச் சாயும் மேடு, பக்கத்தில் உயிருள்ள புல்வெளி, கையில் தயாராக உள்ளூர்ப் புல்லின் நாற்று, அதற்கு மேல் வருடா வருடம் திரும்பி வர உறுதியான ஆட்கள். நாலும் இருந்தால் சிறு துண்டாக வெட்டலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம். மூணாறுக்குக் கிழக்கே, ஆனமுடிச் சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டத்தில் அப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். தீயில் போன சீகைக்காட்டில் மறுபடி முளைத்த கன்றுகளை உள்ளூர் மக்களே பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்கா 1995-லிருந்து ஆற்றோரச் சீகையை எடுத்துவருகிறது. அவர்கள் அனுபவமும் இதையே சொல்கிறது: முதல் வெட்டு சுலபம், திரும்பி வராவிட்டால் அத்தனையும் வீண்.

ஆட்கள் என்று சொன்னேன். முக்குருத்தியின் ஒவ்வொரு முகட்டையும் காலால் அறிந்தவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். எந்த மேட்டில் போன வருடம் கன்று இல்லை, இந்த வருடம் இருக்கிறது என்று அவர்களுக்குப் படம் பார்க்காமலே தெரியும். ரோந்து போகும் வழியில் பிடுங்குவதை அவர்கள் வேலையாகவே எழுதி, அதற்குக் கூலியும் கூடுதல் ஆளும் கொடுத்தால் போதும், பாதி முகடுகள் தப்பிவிடும். அதோடு ஒரு வரைபடம் வேண்டும். மரம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் இருக்கிறது. அதன் மேல் மண் எவ்வளவு ஆழம், சரிவு எவ்வளவு, சதுப்பு எங்கே, பழைய சரிவுத் தழும்பு எங்கே என்பதையும் சேர்த்து வரைய வேண்டும். வனத்துறை ஊழியரும் புவியியல் ஆய்வாளரும் ஒரே சரிவில் ஒன்றாக நின்று வரைய வேண்டிய படம் அது.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கும். மழைக்கு நடுவே வெயில் அடிக்கும் நாட்களில் மண் நெகிழ்ந்திருக்கும், கணுக்கால் உயரக் கன்று இரண்டு விரலுக்கு வரும். மேற்கு முகடுகளில் ஆரம்பிக்கலாம்.